ஏற்றமில்லாத ஊரில் காற்றுதான் ஏற்றம்: யாழ்ப்பாணத் தீவகச் சைக்கிள் தடங்கள், பிள்ளைகளோடு போவோருக்கு

யாழ்ப்பாணத்துக்கு விடுமுறையில் வரும் குடும்பங்கள் தீவகம் பக்கம் சைக்கிளில் போகலாமா என்று விசாரிக்கும்போது தூரத்தைத்தான் முதலில் கேட்கின்றன. காற்று எந்தப் பக்கம் என்று கேட்பவர் குறைவு. குடாநாடும் தீவுகளும் சுண்ணாம்புக் கல்லின் மேல் தட்டையாகக் கிடக்கும் நிலம். மூச்சு வாங்க வைக்கும் மேடு ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் ஊரைத் தீவோடு இணைக்கும் கடல்வழித் தெருக்களான தாம்போதிகளில் இரண்டு பக்கமும் கடல், மறைப்புக்கு ஒரு பனைகூட இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு எதிர்காற்றில் 3 கி.மீ. போவது மலை ஏறுவதற்குச் சமம். கீழே சொல்லும் தடங்களை அந்தக் கணக்கை வைத்தே தரம் பிரித்திருக்கிறோம்.

காற்றுக் கணக்கு சிக்கலானதல்ல. வைகாசி தொடக்கம் புரட்டாசி வரை சோளகம், அதாவது தென்மேற்கிலிருந்து வீசும் காற்று. மார்கழி, தை மாதங்களில் வாடை, வடகிழக்கிலிருந்து. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றுகிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இந்த வாடைதான். பட்டம் நன்றாக ஏறும் நாள் சின்னச் சைக்கிளுக்கு ஆகாத நாள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மிஞ்சுவது மாசி, பங்குனி. இந்த இரண்டு மாதங்களிலும் காலையில் கடல் கண்ணாடி போலக் கிடக்கும். சித்திரையில் காற்று இல்லை, ஆனால் வெயில் மண்டையைப் பிளக்கும். எந்த மாதமானாலும் விடிகாலையில் காற்று அடங்கியிருக்கும், பத்து மணிக்குப் பிறகு எழும்பும். ஆகவே 6 மணிக்குச் சைக்கிள் உருள வேண்டும். விடுதிக்காரர் காலைச் சாப்பாடு எட்டு மணிக்கு என்றால் இடியப்பத்தைக் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

கோட்டை, பண்ணை, மண்கும்பான், சாட்டி: 10க்கு 8

முதல் முறை போகும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான தடம் இல்லை. ஒரு வழி சுமார் 11 கி.மீ. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் பெருப்பித்துக் கட்டிய கோட்டையின் மதிலடியில் புறப்பட்டால் உடனேயே பண்ணைத் தாம்போதி. இரண்டு பக்கமும் பரவைக்கடல், பெரியவர்களுக்கு முழங்கால் ஆழம்கூட வராத இடங்கள் பல. வரிசையாகத் தடிகளை ஊன்றி வலை கட்டி மீனை வளைத்துக் கூட்டுக்குள் கொண்டுவரும் களங்கட்டிகளைத் தெருவில் நின்றபடியே பார்க்கலாம். மேலிருந்து பார்த்தால் அம்புக்குறி போலத் தெரியும் அமைப்பு அது. பிள்ளைகளுக்கு நின்று விளக்க ஏற்ற இடம். நிற்பதானால் சைக்கிளைத் தார் விளிம்பிலிருந்து முழுதாக இறக்கிவிட்டு நில்லுங்கள். பாதிச் சில்லுத் தாரில் கிடந்தால் பஸ் ஒதுங்காது.

மண்டைதீவுச் சந்தி தாண்டியதும் அல்லைப்பிட்டி. பதினோராம் நூற்றாண்டை ஒட்டிய சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்த ஊர் இது. தெருவிலிருந்து பார்க்க அதற்கென்று எதுவும் இல்லை, சொல்லிக்கொண்டு போகலாம். அடுத்து மண்கும்பான். இங்கிருந்து சாட்டி வரை வெள்ளை மணல். அந்த மணலுக்கடியில் நல்ல தண்ணீர் இருப்பதுதான் இந்த மூலையின் சிறப்பு. சுற்றுவட்டாரம் எல்லாம் உவர்.

சாட்டிக் கடற்கரையில் கடல் மெல்ல இறங்கும், குளிக்கலாம். சோளகக் காலத்தில் அலை கலங்கிக் கரையில் சாதாழை என்னும் கடல்தாவரம் ஒதுங்கும், அப்போது பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். ஞாயிறு பின்னேரங்களில் வான்களும் பாட்டும் நிறைந்துவிடும். வார நாளில் காலையில் போனால் கடற்கரை உங்களுக்கே.

இந்தத் தடத்துக்கு இரண்டு புள்ளி குறைத்தது தெருவுக்காக. அகலம் போதாது, சைக்கிளுக்கென்று ஒதுக்கிய ஓரம் இல்லை. காலை ஆறரை முதல் எட்டரை வரை பாடசாலைக்கும் கந்தோருக்கும் போகிறவர்கள் தீவிலிருந்து பட்டணத்துக்கு வருவார்கள். நீங்கள் எதிர்த்திசையில் போவதால் உங்கள் பக்கம் ஓரளவு வெறுமை. திரும்பி வரும்போது நெரிசல் குறைந்திருக்கும். சோளகத்தில் போகும்போது எதிர்காற்று, வரும்போது தள்ளுகாற்று. களைத்த பிள்ளைக்கு இதுதான் நல்லது. வாடையில் இது தலைகீழ்: போகும்போது பறந்து போவீர்கள், பதினொரு மணி வெயிலில் பண்ணையில் காற்றை நெஞ்சால் தள்ளிக்கொண்டு வர வேண்டும். மார்கழியில் போவதானால் அல்லைப்பிட்டியோடு திரும்புங்கள். அதற்கும் மேலே போய் ஏமாந்தால் பட்டா வாகனம் (சின்ன லொறி) ஒன்றைப் பிடித்துச் சைக்கிள்களை ஏற்றி வருவதுதான் வழி. நாலு சைக்கிள் தாராளமாக ஏறும்.

ஊர்காவற்துறை, பாதை, காரைநகர், பொன்னாலை: பெரிய வட்டம், 10க்கு 9

பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட, கியர் இல்லாத சைக்கிளை ஒரு மணி நேரம் இறங்காமல் மிதிக்கக்கூடிய பிள்ளைகள் இருந்தால் தீவகத்தில் இதற்கு மிஞ்சிய நாள் இல்லை. கோட்டையில் தொடங்கிக் கோட்டைக்கே வர 50 கி.மீ.யைத் தொடும். பிள்ளைகளோடு மணிக்கு 10 முதல் 12 கி.மீ. என்று வையுங்கள், எதிர்காற்றில் 7 அல்லது 8. குளிப்பு, சாப்பாடு, பாதைக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் முழு நாள்.

பாதை என்றால் இங்கே தெரு அல்ல. ஊர்காவற்துறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக் கடலைக் கடக்கும் தட்டையான மிதவைக்கு ஊரில் வழங்கும் பெயர் அது. வீதி அபிவிருத்தி அதிகார சபையின் சேவை, கட்டணம் இல்லை. கடக்கப் பத்து நிமிடம் போதும். ஏறும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறுங்கள், ஓடிக்கொண்டு ஏறாதீர்கள்: இரும்புத் தட்டில் கடல் தண்ணீர் பட்டு வழுக்கும், தட்டுக்கும் துறைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் 20 அங்குலச் சில்லு இறங்கிவிடும். மோட்டார் சைக்கிள்கள் ஏறி முடிந்த பிறகு ஏறினால் ஓரத்தில் சாய்க்க இடம் கிடைக்கும். காற்றுப் பலத்தால் அல்லது திருத்த வேலையால் பாதை ஓடாத நாளும் உண்டு. போகும் வழியில் வேலணைச் சந்தியில் ஒரு தேநீர்க்கடையில் கேட்டாலே போதும். ஓடவில்லை என்றால் ஊர்காவற்துறை வரை போகாமல் சாட்டிப் பக்கம் திரும்பி நாளைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

கடக்கும்போது நடுக்கடலில் நிற்பது கடற்கோட்டை. ஒல்லாந்தர் வைத்த பெயர் ஹமன்ஹீல், பன்றித் தொடையின் குதி என்று பொருள். இலங்கை வரைபடம் அவர்கள் கண்ணுக்குப் பன்றித் தொடை மாதிரித் தெரிந்ததாம். ஊர்காவற்துறையின் பழமை அதற்கும் முந்தியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு நயினாதீவில் வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டில் இந்தத் துறை ஊராத்துறை என்று வருகிறது. அதில் சொல்லும் விதி இது: யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மற்றது உடையவனுக்கு. சரக்குக் கப்பலானால் சரிபாதி. அரசனுக்குக் குதிரை எவ்வளவு தேவைப்பட்டது என்பதைப் பிள்ளைகளே கணக்குப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

காரைநகரில் இறங்கும் இடம் கடற்படைத் தளத்தை ஒட்டியது. அங்கே கமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். தீவின் வடக்கே கசூரினாக் கடற்கரை. சவுக்கு மரத்தால் வந்த பெயர். கடல் வெகுதூரம் வரை இடுப்பளவுதான், அலை சின்னது.  மதிய வெயில் குறையும் வரை நிழலில் கிடந்து, இரண்டரைக்குக் கிளம்பினால் சரி. ஈழத்துச் சிதம்பரம் இதே ஊரில்தான். கோயிலுக்குப் போவதானால் குளிக்கும் முன் போங்கள், நடை சாத்தியிருக்கும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வட்டத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில் பலர் பிழை விடுகிறார்கள். எங்கள் கணிப்பு: எந்தக் காலமானாலும் பண்ணையால் போய்ப் பொன்னாலையால் வருவது. சோளகத்தில் பண்ணையின் எதிர்காற்றை விடிகாலையில், காற்று எழும்ப முன் முடித்துவிடலாம். பிறகு பொன்னாலைத் தாம்போதியில் முதுகில் காற்று. வாடையில் பண்ணை சுலபம், பொன்னாலையில்தான் சற்றுத் திணறும். ஆனால் அது சில கி.மீ. மட்டும். பொன்னாலை வரதராசப் பெருமாள் கோயிலடிக்கு வந்துவிட்டால் வட்டுக்கோட்டை வழியே பட்டணம் வரை வீடுகளும் வேலிகளும் பனையும் காற்றை வாங்கிக்கொள்ளும். மறுபக்கமாகச் சுற்றினால் களைத்த பொழுதில் வேலணையின் வெட்டைவெளியும் பண்ணையும் கடைசியில் வந்து நிற்கும். மார்கழியில் ஆறு மணிக்கு முன்பே பொழுது படும், ஆடியில் ஆறரை தாண்டும். பண்ணையில் இருட்டில் சைக்கிள் ஓடுவதைப் பெரியவர்களுக்கே நாங்கள் சொல்ல மாட்டோம்.

புங்குடுதீவு, குறிகட்டுவான்: சைக்கிளுக்கு 4, பஸ்ஸுக்கு 9

வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதி படத்தில் மிக அழகு. ஏறத்தாழ 4 கி.மீ. நீளம், ஒடுக்கம், ஒதுங்க இடம் குறைவு. நயினாதீவு, நெடுந்தீவு வள்ளங்களைப் பிடிக்க ஓடும் பஸ்களும் வான்களும் இதே தெருவில் வருகின்றன. வள்ளம் விடும் நேரம் நெருங்க நெருங்க வேகமும் கூடும். பட்டணத்திலிருந்து சுமார் 30 கி.மீ. வேறு. பிள்ளைகளோடு வேண்டாம். குறிகட்டுவான் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து பார்த்துக்கொண்டு போங்கள்.

நெடுந்தீவு: 10க்கு 8, தண்ணீர் மறவாதவர்களுக்கு

குறிகட்டுவானிலிருந்து வள்ளத்தில் ஒரு மணி நேரம். தீவு நீளவாக்கில் 8 கி.மீ., அகலத்தில் 6 கி.மீ., வாகனம் மிகக் குறைவு. சைக்கிள் பழகும் பிள்ளையைப் பயமின்றி முன்னே விடக்கூடிய தெரு தீவகத்தில் இங்கேதான் அதிகம். சாந்து பூசாமல் முருகைக்கல்லை அடுக்கியே கட்டிய மதில்கள் ஒவ்வொரு வளவையும் சுற்றி நிற்கும். சாய்ந்து நிற்கவோ ஏறவோ விடாதீர்கள், கல் பிடிப்பில்லாமல் அடுக்கியது, உருண்டு காலில் விழும். பெருக்க மரத்தின் பொந்துக்குள் ஒரு குடும்பமே நிற்கலாம். தெற்குப் பக்க வெளியில் குதிரைகள் மேயும். பிள்ளைகள் சாப்பாடு நீட்ட ஆசைப்படுவார்கள். அவை வளர்ப்புக் குதிரைகள் அல்ல, பின்னங்கால் எட்டும் தூரத்துக்குள் போகக்கூடாது.

இறங்குதுறையடியில் சைக்கிள் வாடகைக்குப் பேசலாம். பெரியவர்களுக்கான உயரம்தான் பெரும்பாலும் இருக்கும். பத்து வயதுக்குக் கீழே என்றால் சொந்தச் சைக்கிளை வள்ளத்தில் ஏற்ற முடியுமா என்று வள்ளக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள், இல்லாவிட்டால் ஓட்டோவோடு திருப்திப்படுங்கள். உட்பாதைகள் சல்லியும் மணலும். மணலில் முன்பிரேக்கைப் பிடித்தால் சில்லு சறுக்கித் தலைகுப்புற விழும் என்பதைப் பிள்ளைக்குப் புறப்படும் முன் ஒருமுறை காட்டிக் கொடுங்கள்: மணல் வந்தால் மிதிப்பதை நிறுத்தாமல், கைப்பிடியைத் திருப்பாமல் நேரே. முடியாவிட்டால் இறங்கி உருட்டுவது. குடிதண்ணீர் பெரியவருக்கு 2 லீற்றர், பிள்ளைக்கு 1 லீற்றர் கையோடு. திரும்பும் கடைசி வள்ளத்தின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக் கையில் எழுதி வையுங்கள். ஆனி, ஆடியில் கடல் கொந்தளிப்பு, வயிறு குமட்டும் பிள்ளைகளுக்கு அந்த மாதங்கள் வேண்டாம்.

பொன்னாலை, சம்பில்துறை, மாதகல், கீரிமலை: 10க்கு 8½

தீவகம் அல்ல, ஆனால் இதை விட்டுவிட மனம் வராது. ஏறத்தாழ 15 கி.மீ. வடக்குக் கரையோரம். வாகனம் குறைவு, தெரு சமதரை, இடப்பக்கம் கடல், வலப்பக்கம் பனையும் தோட்டமும். செம்மண் தொடங்கும் இடத்தில் வெங்காயமும் புகையிலையும் பயிராகும். அசோகனின் மகள் சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு வந்து இறங்கியதாகச் சொல்லப்படும் சம்புகோளத் துறை இந்தச் சம்பில்துறைதான். முடிவில் கீரிமலைக் கேணி, கடலுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நன்னீர் ஊறும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறுவேறு கேணி. கால் வலியோடு வந்த பிள்ளைக்கு அந்தக் குளிர்ந்த தண்ணீரே மருந்து. ஒரு வழியாக மட்டும் ஓடி, கீரிமலையில் பட்டா வாகனத்தை வரச் சொல்லி வைப்பது நல்ல ஏற்பாடு. சோளகக் காலத்தில் இந்தத் திசையில் முழுத் தூரமும் முதுகில் காற்று.

கைவிடப்பட்ட வீடுகள் வழியெங்கும் உண்டு. படம் எடுக்க உள்ளே போகாதீர்கள். பற்றைக்குள் கட்டு இடிந்த கிணறுகள் வாயைத் திறந்துகொண்டு கிடக்கின்றன.

வாடகைச் சைக்கிளை எடுக்கும் முன்

பட்டணத்தில் விடுதிகளிலும் சில கடைகளிலும் கிடைப்பது பெரும்பாலும் கியர் இல்லாத, கூடை வைத்த சைக்கிள்கள். இந்த நிலத்துக்கு அதுவே போதும். குறை, நின்ற இடத்திலேயே வெயிலில் காய்ந்து கிடப்பது. பத்து நிமிடம் எடுத்து இவற்றைப் பாருங்கள்.

ரயரைப் பெருவிரலால் அமத்தினால் கொஞ்சமும் உள்ளே போகக்கூடாது. காற்றுக் குறைந்த ரயர் இரட்டிப்பாகக் களைக்க வைக்கும், தார் விளிம்புக் குழியில் விழுந்தால் ரியூப்பை றிம் கடித்து இரண்டு ஓட்டை போடும். பக்கச் சுவரில் நூல் தெரிந்தால் வேறு சைக்கிள் கேளுங்கள். பிரேக்கை இறுக்கிப் பிடித்துச் சைக்கிளை முன்னே தள்ளுங்கள், சில்லு உருளாமல் இழுபட வேண்டும். பிள்ளையின் விரல் பிரேக் பிடியை எட்டுகிறதா என்பதைத் தனியாகப் பாருங்கள். பெரியவர் கைக்கு நன்றாக இருக்கும் பிரேக் பத்து வயதுக் கைக்கு இல்லாத பிரேக். சீற் உயரம் பெரியவருக்கு, மிதி கீழே இருக்கும்போது குதிக்கால் வைத்தால் கால் நேராக நிற்கும் அளவு. பிள்ளைக்கு இரண்டு முன்பாதமும் நிலத்தில் படும் அளவு.

பின்கரியரில் பிள்ளையை ஏற்றுவது ஊர் வழக்கம். செய்வதானால் பின்சில்லுக்கு இரண்டு பக்கமும் வலை அல்லது தகடு இருக்க வேண்டும், கால் வைக்க மிதியும் வேண்டும். இல்லாவிட்டால் தூக்கக் கலக்கத்தில் கால் கம்பிக்குள் போய்விடும். இந்த ஊரில் பிள்ளைகளுக்குக் குதிக்காலில் வரும் காயம் பெரும்பாலும் இப்படித்தான். துப்பட்டாவும் நீளப் பாவாடையும் செயினுக்கு இரை. முடிந்து கட்டுங்கள்.

காலையில் இறுக்கமாக இருந்த ரயர் மதியம் தளர்ந்தால் உடனே ஒட்டுக்காரரைத் தேட வேண்டாம். காற்றடிக்கும் வாயான பழைய வகை வால்கட்டைக்குள் ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கும். வெயிலில் அது வெடித்துக் காற்றை விடும். வால்கட்டை வாயில் எச்சில் தொட்டு வையுங்கள், குமிழி வந்தால் குற்றம் அங்கேதான். அந்தக் குழாயில் 3 செ.மீ. துண்டு வெட்டி மாற்றினால் இரண்டு நிமிட வேலை. சட்டைப்பையில் ஓரடி வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள், மிக மலிவு.

குமிழி வராவிட்டால் உடைமுள். ரியூப்பை ஒட்டும் முன் ரயரின் உட்பக்கத்தைத் துணியால் சுற்றித் தடவுங்கள், விரலால் அல்ல. முள்ளின் முனை துணியில் மாட்டும். அதை எடுக்காமல் ஒட்டிப் பூட்டினால் அடுத்த 500 மீற்றரில் அதே இடத்தில் மறுபடியும் ஓட்டை. உப்புத்தாள் தேய்த்து, பசை தடவி, பளபளப்புப் போய் விரலில் ஒட்டாத பதம் வரும் வரை பொறுத்து ஒட்டுத் துண்டை வைக்க வேண்டும். ஈரப் பசையில் வைத்த ஒட்டு தார் சூட்டில் வழுகிப்போகும். சந்திகளில் ஒட்டுக்கடைகள் உண்டு, தாம்போதிகளில் இல்லை. ஆகவே கைப்பம்ப், இரண்டு ரயர் நெம்பி, ஒட்டுப் பெட்டி குடும்பத்துக்கு ஒன்று அவசியம்.

திரும்பி வந்த அன்றிரவே சைக்கிளை நன்னீரால் கழுவுங்கள், குறிப்பாகப் பாதையில் ஏற்றியிருந்தால். துடைத்துக் காயவிட்டு, செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய். வாடகைச் சைக்கிள்தானே என்று சுவரில் சாத்திவிட்டுப் படுத்தால் விடியும்போது செயின் செம்பட்டை பூத்திருக்கும். மறுநாள் பயணத்துக்கு மிதிக்கப் போவது அதே செயினைத்தான்.